அர்த்தக்காரர்

அப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுக்கடியில் நனைந்து கிடந்த துணியைப் பாப்பா உருவிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். ஆறு நாளாகத் தண்ணீர் டம்ளரைக்கூடத் தூக்க முடியாத கை. இப்போது இடுக்கி மாதிரி பிடித்தது.

"கதவச் சாத்து."

"காத்து வரட்டும்ப்பா. மூச்சு முட்டுதுன்னு நீங்கதானே திறக்கச் சொன்னீங்க."

"சாத்துன்னா சாத்து."

பாப்பாவுக்கு நாற்பத்திரண்டு வயது. மருந்துக்கடை கவுன்ட்டரில் பத்துப் பேரை வரிசையில் நிறுத்தி அதட்டுகிறவள். ஆனாலும் இந்த வீட்டில் அவள் பாப்பாதான். போய்ச் சாத்தினாள். திரும்பும்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நாற்பது. பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று பிறகு பல தடவை நினைத்தாள்.

அப்பாவின் நுரையீரலில் வேலை செய்கிற இடம் இனி உள்ளங்கை அகலம்தான் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். ஒரு வாக்கியத்தை நாலு துண்டாக்கி, நடுநடுவே ஆக்சிஜனை இழுத்துக்கொண்டுதான் பேச முடிந்தது.

"எனக்கு... பாஷை புரியாது பாப்பா."

"எந்த பாஷைப்பா?"

"தையல்காரம்மா பேசுற பாஷை. ஒரு வார்த்தை... ஒரு வார்த்தைகூட புரிஞ்சதில்ல. பத்தொன்பது வருஷமா நானாத்தான் சொன்னேன்."

ஈரத் துணியிலிருந்து அவள் காலில் தண்ணீர் சொட்டியது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

சபையில் அப்பாவுக்குப் பெயரே அர்த்தக்காரர். கரன்ட் ஆபீசில் மீட்டர் ரீடராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதெல்லாம் அடையாள அட்டைக்கு மட்டும். ஞாயிறு ஆராதனையில், பாட்டு அடங்கி ஜெபம் சூடு பிடிக்கிற நேரத்தில், தையல்கார அக்கா கண்ணை மூடி எழுந்து நிற்பாள். யாருக்கும் தெரியாத ஒரு மொழி அவள் வாயிலிருந்து கொட்டும். அந்நிய பாஷை. ஆவியானவர் தருகிற வரம். அவள் முடித்ததும் மொத்தச் சபையும் மூன்றாவது வரிசையின் ஓரத்துக்குத் திரும்பும். அங்கே அப்பா எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, அதன் அர்த்தத்தை எல்லோருக்கும் புரிகிற மொழியில் சொல்வார். அதுவும் ஒரு வரம்தான். பாஷை பேசும் வரம் சபையில் ஏழெட்டுப் பேருக்கு உண்டு. அர்த்தம் சொல்லும் வரம் ஒரே ஒரு ஆளுக்கு.

அந்த ஒரு ஆளை நம்பித்தான் சபையே உடையாமல் இருந்தது. பத்தொன்பது வருடத்துக்கு முன்பு அது இரண்டு சபை. ஒன்று, பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, இருமலைக்கூடக் கைக்குட்டைக்குள் இருமுகிற சபை. மற்றது, கைதட்டி, கண்ணீர் விட்டு, கூரை அதிர ஜெபிக்கிற சபை. கைதட்டுகிறவர்களின் கூடத்தைக் கட்டடச் சொந்தக்காரர் திருப்பிக் கேட்டுவிட்டார். புத்தகக்காரர்கள் இடம் கொடுத்தார்கள். கூடவே ஒரு ஒப்பந்தமும் எழுதினார்கள். அதில் நான்காவது விதி: அர்த்தம் சொல்ல ஆள் இருந்தால் மட்டுமே அந்நிய பாஷை, இல்லையென்றால் மௌனம்.

அப்பா பிறவிப் புத்தகக்காரர். அவருக்குப் போய் அந்த வரம் கிடைத்ததை இரண்டு பக்கமும் அதிசயம் என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

"மொத ஞாயித்துக்கிழமை," என்றார் அப்பா. "அவங்க பேசினாங்க. நம்மாளுங்க எழுந்து போகப் பார்த்தாங்க. ரெண்டு பக்கமும்... நாற்காலி இழுக்குற சத்தம். பயந்துட்டேன். எழுந்து, அர்த்தம் எனக்குத் தெரியும், உட்காருங்கன்னேன். உட்கார்ந்தாங்க. என்னன்னாங்க. ஏதோ சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒவ்வொரு வாரமும் கேட்டாங்க. வீடு வீடா மீட்டர் பார்க்கப் போறவன். எந்த வீட்டுல என்ன நடக்குதுன்னு தெரியும். வெல்டிங்காரன் தம்பிய அடிச்சு விரட்டிட்டான். அவனுக்குன்னே சொன்னேன், துரத்தினவங்களைத் திரும்பக் கூப்பிடுன்னு." அவர் தோள் குலுங்கியது. இருமலா, சிரிப்பா என்று புரியவில்லை. "வெல்டிங்காரன் கொட்டாவி விட்டான். பின்னாடியிருந்து நர்ஸ் பொண்ணு எழுந்து அழுதுச்சு. மாமியாரைத் துரத்தி விட்டுருக்காம். எனக்குத் தெரியவே தெரியாது."

"அப்பா, பேசாதீங்க. மூச்சு வாங்குது."

"ஒரு தடவைகூட... நான் குறி வெச்ச ஆளு எழுந்ததில்ல பாப்பா. எப்பவும் வேற யாரோ." கண்ணை மூடிக்கொண்டார். மூடியபடியே சொன்னார். "எனக்கு எதுவும் புரியல. புரிஞ்ச மாதிரி உங்க முன்னாடி நின்னேன். பயந்துதான் நின்னேன். என்னை மன்னிச்சிடுங்க. இதை அப்படியே சபையில சொல்லிடு. என்னைப் புதைக்கிறதுக்கு முன்னாடி."

"நீங்களே பாஸ்டர்கிட்ட..."

"வாக்குக் குடு."

"சரிப்பா."

"சரின்னா?"

"சொல்றேன்."

பிடி தளர்ந்தது. அவள் மணிக்கட்டில் நாலு விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன.

*

நர்ஸ் ஊசி போட வந்தபோது பதினொன்று இருபது. அதே நர்ஸ். அவளும் சபைக்காரி என்பதால் வேலைக்குப் போகும் வழியில் தினமும் வந்துகொண்டிருந்தாள். மருந்தை ஏற்றிக்கொண்டே அப்பாவின் நெற்றியைத் தடவினாள்.

"இனிமே வலி தெரியாது. தூங்கிடுவார்." பிறகு குரலைத் தாழ்த்தி, "இவர் மட்டும் அன்னைக்கு அர்த்தம் சொல்லலேன்னா எங்க அத்தை எங்கயாவது தெருவுலதான் கிடந்திருப்பாங்க. போன மாசம் என் மடியிலதான் உயிர் போச்சு. கடைசியா என் பேரைத்தான் கூப்பிட்டாங்க. உங்கப்பா சொன்னது கர்த்தர் வாயில இருந்து வந்த வார்த்தை."

பாப்பா ஊசிக் குப்பியின் லேபிளை, தெரியாத மருந்தைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் படித்தாள்.

அப்பா விழிக்கவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு மூச்சுகளுக்கு இடையிலான தூரம் நீண்டது. நாலேகாலுக்கு அடுத்த மூச்சுக்காக அவளும் அவள் கணவரும் காத்திருந்தார்கள். வரவில்லை. சிலிண்டர் மட்டும் ஒன்றும் தெரியாததுபோல் சீறிக்கொண்டிருந்தது. கணவர்தான் எழுந்து போய்த் திருகை மூடினார்.

அவர் பேக்கரிக்காரர். ஓவன் முன் நின்று நின்று முகம் எப்போதும் கொஞ்சம் சிவந்திருக்கும். சபைக்கு வருடத்தில் இரண்டு நாள், கேக் டெலிவரிக்கு மட்டும் வருகிறவர். அவரிடம் மட்டும் அவள் சொன்னாள். சமையலறையில், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, அந்தச் சத்தத்துக்குள்.

முழுதாகக் கேட்டுவிட்டு அவர் தாடையைச் சொறிந்தார். "இத யாரு கேட்டது?"

"நான் மட்டும்தான்."

"அப்ப விட்டுடு. ஊசி போட்ட மனுஷன் என்ன வேணா உளறுவான். அன்னைக்கு எங்க சித்தப்பா ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு, ரயில் வருது தள்ளுங்கன்னார்."

"ஊசி பதினொண்ணு இருபதுக்குங்க. அப்பா சொன்னது பத்து நாப்பதுக்கு."

"நீ ஏன் மணியப் பார்த்த?"

எந்த மருந்து எத்தனை மணிக்கு என்று பார்த்துப் பழகிய கண்.

"சொன்னா என்ன ஆகும், நினைச்சுப் பார்த்தியா? அந்த நர்ஸம்மா. அந்த அக்கா. இத்தனை வருஷமா அவர் பேச்சக் கேட்டு கல்யாணம் பண்ணினவங்க, சண்டைய விட்டவங்க. எல்லாரும் வீட்டுக்குப் போய், என்னத்த நம்பினோம்னு உட்காருவாங்க. உங்கப்பா பேரும் போச்சு."

"சொல்லலேன்னா?"

"ஒண்ணும் ஆகாது."

"எனக்கு?"

அவர் குழாயை மூடினார். திடீரென்று வீடு முழுக்க அழுகைச் சத்தம் கேட்டது. சபைக்காரர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள்.

*

தையல்கார அக்கா கழுத்தில் அளவு டேப்போடேயே ஓடி வந்திருந்தாள். தோளில் நூல் பிசிறு. ஐம்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகாதவள், பள்ளிச் சீருடை தைத்தே தங்கைகள் மூன்று பேரைக் கரையேற்றியவள். அப்பாவின் காலடியில் உட்கார்ந்து வெகு நேரம் அழுதாள். பிறகு பாப்பாவைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள்.

"பாப்பா, ஐயா கடைசியா ஏதாவது சொன்னாரா?"

"என்னக்கா கேக்குறீங்க?"

"அர்த்தம் சொல்ற வரத்த ஐயா யாருக்காவது குடுத்துட்டுப் போகணும்னு ஜெபம் பண்ணினேன். யார் பேரையாவது சொன்னாரா?"

"இல்லக்கா."

அக்கா டேப்பின் நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "நான் பேசுறேன்ல, என்ன பேசுறேன்னு எனக்கே தெரியாது. வயித்துலருந்து கிளம்பி வரும். அடக்கினா நெஞ்சு கனத்து தையல்மெஷின் மிதிக்க முடியாது. ஐயா எழுந்து சொன்னாத்தான், ஓ, இதுவா எனக்குள்ள இருந்துச்சுன்னு எனக்கே தெரியும். ஏழாங்கிளாஸ் படிச்சவ. என் வாயாலயா கர்த்தர் இவ்வளவு நல்ல வார்த்தை பேசினாருன்னு ஒவ்வொரு வாரமும் வீட்டுக்குப் போய் அழுவேன்." மூக்கை உறிஞ்சினாள். "இனிமே யாரு சொல்லுவா எனக்கு?"

பாப்பா அவள் தோளிலிருந்த நூல் பிசிறை எடுத்தாள். ஒன்றை எடுத்தபின் இன்னொன்று. எல்லாவற்றையும் எடுத்து முடிக்கும்வரை பேச வேண்டியதில்லை என்று இருந்தது.

அக்கா போனதும் வாத்தியார் வந்தார். புத்தகக்காரர்களின் மூப்பர். பள்ளியில் முப்பத்து மூன்று வருடம் இயற்பியல் நடத்தியவர். துக்க வீட்டுக்கும் சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு வருகிற மனிதர். நாளைய அடக்க ஆராதனைக்கு ஒழுங்குமுறை அச்சடித்துக்கொண்டு வந்திருந்தார்.

"பத்தரைக்கு ஜெபம். அப்புறம் பாட்டு, பாஸ்டர் செய்தி. பதினொண்ணு அஞ்சுக்கு குடும்பத்தார் நன்றியுரை. நீதாம்மா பேசணும். மூணு நிமிஷம்."

மூன்று நிமிடம். அப்பாவின் வார்த்தைகளுக்கு அரை நிமிடம்கூட வேண்டாம்.

"சார், அப்பா அர்த்தம் சொன்னதெல்லாம்... நீங்க என்ன நினைக்கிறீங்க?"

வாத்தியார் அவளைக் கூர்ந்து பார்த்தார். வகுப்பில் பிட் அடிப்பவனைப் பார்க்கிற பார்வை.

"ஏம்மா கேக்குற?"

"சும்மாதான்."

"என்னால சோதிச்சுப் பார்க்க முடியாத விஷயத்தப் பத்தி நான் அபிப்பிராயம் வெச்சுக்கிறதில்ல. ஆனா அவர் இருந்தவரைக்கும் ரெண்டு பக்கமும் ஒரே கூரைக்குக் கீழ உட்கார்ந்தோம். அது கண்ணால பார்த்தது." பேனாவைத் திறந்தார், மூடினார். "நாளைக்கு அந்த அம்மா ஆரம்பிச்சா நான் எழுந்து நிறுத்த வேண்டியிருக்கும். அர்த்தம் சொல்ல ஆள் இல்ல. விதி நாலு. நான் நிறுத்தினா அவங்க பக்கம் எழுந்து போவாங்க. வெல்டிங்காரர் இப்பவே வேற இடம் பார்த்தாச்சுன்னு கேள்வி."

"அடக்க ஆராதனையிலயா சார்?"

"பாஸ்டர் வருஷத்துக்கு ரெண்டு தடவை பிரசங்கம் பண்றார். சபைங்கிறது ஒரு உடம்பு, கண்ணு, காது, கையி, காலுன்னு. நம்ம சபையில யார் தலை, யார் காலுங்கிறதுலதானே சண்டையே." அவர் சிரிக்கவில்லை. அப்பாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "இந்த மனுஷன் இன்னும் ரெண்டு வருஷம் இருந்திருக்கலாம்."

அவர் போனபின் மருந்துக்கடைச் சீட்டு ஒன்றின் பின்பக்கம் பாப்பா எழுதினாள். டாக்டர் எழுதியதை ஒரு எழுத்து மாற்றாமல் கொடுத்துப் பழகியவள். அப்பா சொன்னதைச் சொன்னபடியே எழுதினாள். 'இது அப்பா கடைசியாகச் சொல்லச் சொன்னது' என்று வாயால் ஆரம்பித்துவிட்டு, அதற்குப் பிறகு இதைப் படித்தால் போதும். மடித்தாள். பிரித்தாள். பிரித்த இடத்தில் காகிதம் அதற்குள் நைய ஆரம்பித்திருந்தது.

*

மறுநாள் காலை பத்தே முக்காலுக்குச் சபையில் நிற்க இடமில்லை. நடுவில் பாதை, பாதையின் கோடியில் பெட்டி. இடப்பக்கம் புத்தகக்காரர்கள், வலப்பக்கம் கைதட்டுகிறவர்கள். பத்தொன்பது வருடமாகியும் யாரும் பக்கம் மாறியதில்லை. பெட்டியின் மூடியைச் சுவரோரம் சாய்த்து வைத்துக்கொண்டு நாலு பேர் தயாராக நின்றார்கள். அடக்கத்துக்குக் கல்லறையில் நேரம் பன்னிரண்டு.

பாஸ்டர் பேசினார். அவர் பேசியதில் ஒரு வார்த்தைகூடப் பாப்பாவின் காதில் ஏறவில்லை. கைப்பைக்குள் விரலை விட்டுச் சீட்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். இருந்தது. ஒவ்வொரு தடவையும் இருந்தது.

"விட்டுடு," என்றார் கணவர், உதடு அசையாமல். "நன்றி, வணக்கம்னு சொல்லிட்டு வந்துடு."

"வாக்குக் குடுத்திருக்கேங்க."

"செத்தவங்களுக்கா?"

"உயிரோட இருக்கும்போதுதான் குடுத்தேன்."

அவள் முழங்கையைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பதினொன்று ஐந்து. வாத்தியார் ஒழுங்குமுறைத் தாளைப் பார்த்துத் தலையசைத்தார். பாப்பா எழுந்து போனாள். மைக் அவள் உயரத்துக்கு இல்லை. பாஸ்டர் வந்து தாழ்த்திக் கொடுத்தார். கீச்சென்றது. முந்நூறு முகம். நர்ஸ் இரண்டாவது வரிசையில் கைகளைக் கோத்துக்கொண்டு, அவள் பேசுவதற்கு முன்பே அழுதுகொண்டிருந்தாள்.

பாப்பா சீட்டைப் பிரித்தாள்.

அந்த நேரம் பார்த்து வலப்பக்கத்திலிருந்து அது கிளம்பியது.

முதலில் முனகல். பிறகு அக்கா எழுந்து நின்றுவிட்டாள். கண் இறுக மூடியிருந்தது. முகம் முழுக்க ஈரம். யாருக்கும் தெரியாத அந்த மொழி, இன்றைக்கு எப்போதையும்விட வேகமாக, அழுகையும் கலந்து கூரையில் மோதியது. வாத்தியார் எழுந்தார். ஒரு கை உயர்ந்தது. வெல்டிங்காரர் எதிர்ப்பக்கத்தில் எழுந்தார். அவருக்குப் பின்னால் பத்துப் பேர். இடப்பக்கம் இருபது பேர். தரையில் நாற்காலிகள் இழுபடும் சத்தம் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது.

அக்கா கண்ணைத் திறந்தாள். எங்கே இருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பழக்க தோஷத்தில் மூன்றாவது வரிசை ஓரத்தைப் பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள்.

எழுந்தவர்கள் உட்காரவுமில்லை, நகரவுமில்லை. யாராவது ஒருவர் முதல் அடி வைத்தால் போதும்.

பாப்பா கையிலிருந்த சீட்டைக் குனிந்து பார்த்தாள். எப்படி ஆரம்பிக்க வேண்டும் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருந்த அந்த முதல் வரி மனதிலிருந்து சுத்தமாக அழிந்து போயிருந்தது. கண் முன்னால் இருந்தது காகிதம் மட்டும். அதைப் படித்தாள்.

"எனக்கு எதுவும் புரியல."

ஸ்பீக்கரில் கேட்ட குரல் அவளுடையது மாதிரி இல்லை.

"புரிஞ்ச மாதிரி உங்க முன்னாடி நின்னேன். பயந்துதான் நின்னேன். என்னை மன்னிச்சிடுங்க."

முடிந்தது. அவ்வளவுதான். சொல்லியாகிவிட்டது. இனி இடி விழட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

இடி விழவில்லை. பிறகு இடப்பக்கத்திலிருந்து, மிகச் சாதாரணமான குரலில், யாரோ சொன்னார்கள்.

"அது எனக்கு."

பாப்பா நிமிர்ந்தாள். வாத்தியார். தடுப்பதற்காக உயர்த்திய கை உயர்த்தியபடியே இருந்தது. அதை அவர் மறந்துவிட்டவர்போல் இருந்தார். மூக்குக் கண்ணாடிக்குக் கீழே தாடை வெட்டி வெட்டி இழுத்தது.

"எனக்குத்தாம்மா," என்றார் மறுபடி. அவளிடம் அல்ல, பாதைக்கு அந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிற அக்காவிடம். அதற்கு மேல் ஏதோ சொல்ல முயன்றார். வரவில்லை. பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

வெல்டிங்காரர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். எதற்காக எழுந்தோம் என்று யோசிக்கிற மாதிரி இருந்தது. பிறகு அவரும் உட்கார்ந்தார். வரிசை வரிசையாக எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

"இல்ல," என்றாள் பாப்பா மைக்கில். "இல்ல சார். இது அர்த்தம் இல்ல. இது அப்பா சொன்னது. அப்பா பேசினது."

"ஆமா," என்றாள் நர்ஸ் இரண்டாவது வரிசையிலிருந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அப்பாதான் பேசினார். எங்களுக்குத் தெரியும்."

வலப்பக்கம் ஒரு பெண் மெல்லப் பாட ஆரம்பித்தாள். புத்தகப் பாட்டு. இடப்பக்கம் தாள்கள் புரளும் சத்தம் கேட்டது. பாப்பா இன்னொரு தடவை வாயைத் திறந்தாள். பாட்டு அதற்குள் வளர்ந்துவிட்டது. அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல சேதி வந்த வீட்டுக்காரியின் முகம் அது. கூட்டத்தில் ஒரே ஒருவர் மட்டும், முதல் வரிசையில், பேக்கரிக்காரர், நெற்றியில் கை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

வாக்கைக் காப்பாற்றிவிட்டாளா, இல்லையா? கேட்கலாம் என்றால், பதில் சொல்லக்கூடியவர் பெட்டிக்குள் இருந்தார்.

அவள் இறங்கி வந்து பெட்டியருகே நின்றாள். பாட்டு முடிந்தது. நாலு பேரும் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்து பெட்டிக்கு மேலே பிடித்தார்கள். கனமான மூடி. முன்னால் நின்றவர் பாஸ்டரைப் பார்த்தார். பாஸ்டர் பாப்பாவைப் பார்த்தார். இரண்டு பக்கமும் பாப்பாவைப் பார்த்தது.

"மூடலாமாம்மா?" என்றார் முன்னால் நின்றவர்.

அவள் அப்பாவின் உதடுகளைப் பார்த்தாள். மூடியைப் பிடித்திருந்தவர்களில் ஒருவர் காலை மாற்றி ஊன்றிக்கொண்டார். மூன்றாவது வரிசை ஓரத்துக்குத் திரும்பிக் காத்திருந்ததுபோலவே, சபை மொத்தமும் அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தது.